பழைய கேமிங் கொம்பியூட்டருக்குப் புது புரொசஸர் போடுவது எப்படி?

"மாமா, கேம் இழுக்குது" என்று திருகோணமலை உப்புவெளியிலிருந்து அக்காவின் மகன் கோல் எடுத்தான். 2018 கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பூட்டின மெஷின் அது. ஏஎம்டியின் ரைசன் 5 1600 புரொசஸர், பி450 மதர்போர்ட், 16 ஜிபி ரேம். கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் பிறகு மாற்றியிருந்தான். புதுக் கார்ட் போட்டும் வலோரண்ட் கேமில் ஆட்கள் கூடுகிற இடத்தில் படம் நின்று நின்றுதான் ஓடுகிறதாம். போன சனிக்கிழமை உவர்மலையிலிருந்து ஸ்குரூ டிரைவரோடு போனேன். முதல் தடவை கை வைப்பவர்களுக்காக, செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

குற்றம் புரொசஸரிலா?

கேமின் ரெசலூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நன்றாக ஏறினால் திணறுவது கார்ட். ஏறாமல் அப்படியே நின்றால் புரொசஸர்தான் பின்தங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் "சிபியு 45%" என்று கண்டு ஏமாறவேண்டாம் (சிபியு என்பது புரொசஸர்தான்). புரொசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் பன்னிரண்டு வேலை வரிசையில் (த்ரெட்) ஒன்றிரண்டு மட்டும் முழுக்க முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் காட்டும்.

மருமகனுக்கு எஃப்பிஎஸ் அசையவே இல்லை. அதோடு ரைசன் 1600 விண்டோஸ் 11-இன் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. மாற்ற இரண்டு காரணம்.

எதை வாங்குவது?

2017-இல் முதல் ரைசன் வந்த அதே ஏஎம்4 சொக்கெட்டில்தான் (போர்டில் புரொசஸர் உட்காரும் இடம்) 2022-இல் வந்த ரைசன் 5 5600-உம் உட்காரும். இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். அதனால் பழைய பவர் சப்ளையே காணும். கடையில் "5500 மலிவு, 5600ஜி-யும் கிட்டத்தட்ட அதுதான்" என்பார்கள். கிட்டத்தட்ட இல்லை. 5600-இல் எல்3 கேஷ் (புரொசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 தான். கேமுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இன்டெல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சொக்கெட்டின் பெயர் 1151 தான், ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது வேலை செய்யாது. 4ஆம் தலைமுறைக்காரருக்கு நடைமுறையில் ஐ7-4790, 4790கே தான் கடைசித் தரிப்பு. அதற்கு மேலே போனால் போர்டும் ரேமும் சேர்த்து மாற்றவேண்டும்.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் போர்டின் சரியான பெயரைப் பாருங்கள். அந்தப் போர்டைச் செய்த கம்பனியின் தளத்தில் எந்தப் புரொசஸருக்கு எந்தப் பயோஸ் (மெஷினைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கிற மென்பொருள்) பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். அதைப் பார்க்காமல் காசு கொடுக்கவேண்டாம். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கி வந்து பொருந்தாவிட்டால், மாற்றுவதற்கு இன்னொரு இரவு பஸ் ஏறவேண்டியது நீங்கள்தான்.

பயோஸ் முதலில், ஸ்குரூ பிறகு

புதியவர்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். பழைய பயோஸுக்குப் புதுப் புரொசஸரைத் தெரியாது. மாற்றிப் போட்டு சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். ஆகவே பழையது உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பியுங்கள்.

ஃபைலை ஃபாட்32-இல் ஃபோர்மட் பண்ணிய பென் டிரைவில் போட்டு, பயோஸுக்குள்ளே இருக்கிற அப்டேட் பகுதியால் ஏற்றுங்கள். சில போர்டுகளில் நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, நடுவில் ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் போகலாம். டவுன்லோட் பக்கத்தின் குறிப்பில் அது எழுதியிருக்கும். ஏற்றும்போது கரண்ட் போனால் போர்ட் செத்துவிடலாம். மருமகன் வீட்டு யூபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ போய்விட்டது. பக்கத்து வீட்டு அண்ணையிடம் ஒன்றை இரவல் வாங்கி வரும்வரை நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன், பட்டனைத் தொடவில்லை.

விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பயோஸைத் தொடுவதற்கு முன்பே அதை நிறுத்தி, அந்தப் பூட்டைத் திறக்கும் ரிகவரி கீயை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கழற்றுவது

அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓடவிட்டு, பிறகு நிறுத்துங்கள். விளையாடுவதற்காக அல்ல, புரொசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் சூட்டில் இளகுவதற்காக. நான் முதன்முதலில் ஏஎம்4 கூலரைக் குளிர்ந்தபடியே நேரே மேலே இழுத்தேன். "டக்" என்று ஒரு சத்தம். சொக்கெட்டின் லீவர் பூட்டியபடி இருக்க, புரொசஸர் கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இதில் பின்கள் புரொசஸரின் அடியில்தான் இருக்கின்றன, 1331 பின். இரண்டு வளைந்திருந்தன. ஈயக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை ஒவ்வொரு பின்னிலும் செருகி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். ஏசி இல்லாத அறை, வியர்வை சொட்டிவிடுமோ என்று தலையில் துவாய். பிழைத்துக்கொண்டது.

ஆகவே கரண்ட் வயரைக் கழற்றி, பெட்டியைப் படுக்க வைத்து, உலோகப் பகுதியை ஒருதரம் தொட்டுவிட்டு, கூலரின் நான்கு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உப்புக்காற்று பட்ட ஸ்குரூ துருப்பிடித்து இறுகியிருக்கும், அளவான ஸ்டார் டிரைவர் இல்லாவிட்டால் தலை தேய்ந்துபோகும். போர்டின் பின்னாலிருக்கும் தகட்டை மற்றக் கையால் தாங்குங்கள், ஸ்குரூ கழன்றதும் அது விழும். ஃபேன் வயரை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். வழுக்குவது கையில் தெரிந்த பிறகுதான் தூக்கவேண்டும்.

பூட்டுவது

லீவரை நேராக நிமிர்த்திப் பழையதை எடுங்கள். புதியதின் ஒரு மூலையில் பொன் நிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும், சொக்கெட்டிலும் அதே அடையாளம் உண்டு. இரண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து வைத்தால் தன்பாட்டில் இறங்கும். அழுத்தவேண்டாம், இறங்காவிட்டால் எங்கோ பிழை. பிறகு லீவரைப் பூட்டுங்கள்.

கூலரின் அடியைப் பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, புரொசஸரின் நடுவில் பயறை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பொட்டுப் பேஸ்ட் வையுங்கள். புதுப் புரொசஸரோடு வரும் ஸ்டெல்த் கூலர் சிறியது. மருமகனின் 1600 உடன் வந்த ஸ்பயர் அதைவிடப் பெரிது, அதையே திரும்பப் போட்டோம். ஃபேன் வயரைப் போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருக மறக்கவேண்டாம்.

முதல் சுவிட்ச்

திரை கொஞ்ச நேரம் கறுப்பாக நிற்கும், ஆறுதலாக இருங்கள். புதுப் புரொசஸர் ரேமைப் பழகிக்கொள்கிறது. எஃப்டிபிஎம்மை (பிட்லாக்கரின் சாவி போன்றவற்றை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யவா என்று ஒரு கேள்வி வரலாம். பிட்லாக்கர் இல்லையென்றால், அல்லது கீ கையில் இருந்தால், ஒய் (Y) அழுத்துங்கள்.

பயோஸைப் புதுப்பித்ததால் பழைய அமைப்பெல்லாம் அழிந்திருக்கும். 3200 வேக ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருக்கும். பயோஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) மறுபடி போடாவிட்டால் செலவழித்த காசில் ஒரு பங்கு வீண். விண்டோஸ் 11-இல் வலோரண்ட் ஆடுபவர்கள் டிபிஎம் (எஃப்டிபிஎம் அதன் ஒரு வகை), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) இரண்டும் போட்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கடைசியாக, சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்துவைத்து இரண்டு மணித்தியாலம் ஆடிப்பாருங்கள், அதுவும் சூடான கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில். 5600-க்கு வரம்பு 90 பாகை. அதை எட்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது பெட்டியை யாரோ சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். மருமகன் வீட்டில் அது அக்கா.

பழைய 1600-ஐப் புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மேசை லாச்சியில் போட்டாயிற்று. விற்கப்போகிறேன் என்று நிற்கிறான். ஒரு மாதம் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.