போல் டான்ஸில் வெளிக்கால் லெக் ஹேங்: தலைகீழாக ஒற்றைக் காலில் தொங்கப் பழகுவது எப்படி?

லெக் ஹேங் என்றால் தலைகீழாகப் போய், ஒரு முழங்காலைக் கம்பத்தில் கொக்கி போல மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தொங்குவது. பார்க்கிறவர்களுக்கு முழு எடையையும் அந்த முழங்கால்தான் தாங்குகிறது என்று தோன்றும். முதன்முதலில் முயல்கிறவர்களும் அப்படியே நினைத்து முழங்காலை மட்டும் இறுக்குவார்கள், வழுக்குவார்கள். உண்மையில் வேலையில் பாதியை இடுப்புதான் செய்கிறது.

லெக் ஹேங்கில் இரண்டு வகை உண்டு. கம்பத்துக்கு அருகில் இருக்கும் கால் உள்கால், தள்ளி இருப்பது வெளிக்கால். வெளிக்காலை மாட்டுவதைப் பலரும் ஜெமினி என்பார்கள், உள்காலை மாட்டுவது ஸ்கார்ப்பியோ. ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ இந்தப் பெயர்கள் மாறும் என்பதால், எந்தக் கால் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. இங்கே சொல்லப்போவது வெளிக்கால் வகை. கம்பம் உங்கள் வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மாட்டப்போவது இடது கால்.

இது உங்களுக்கு இப்போது வேண்டுமா?

கம்பத்தில் ஏறி, தொடைகளால் இறுக்கி, கையை விட்டு உட்கார முடிகிறதா? அந்த உட்கார்ந்த நிலையிலிருந்து கால்களைப் பின்னிக்கொண்டு பின்னால் சாய்ந்து தொங்கியிருக்கிறீர்களா? எம்பிக் குதிக்காமல், வயிற்றுத் தசையால் கால்களை V போல விரித்துத் தூக்கித் தலைகீழாக வரமுடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தொடரலாம். மூன்றாவது மட்டும் இல்லையென்றால் கீழே சொல்லும் தரைப் பயிற்சியோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். குதித்துத் தலைகீழாகப் போகிறவர்களுக்கு மேலே போனபின் காலை நிதானமாக மாட்டத் தேவையான பலம் மிச்சமிருக்காது.

உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், தலைச்சுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழாகப் போகவேண்டாம்.

தோல், கம்பம், பாய்

மல்லர்கம்பத்தில் மரக்கம்பத்துக்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள், சர்க்கஸில் ஏறும் சீனக் கம்பத்துக்கு ரப்பர் உறை இருக்கும், அதில் முழு உடையோடு ஏறலாம். நம்முடையது வழுவழுப்பான உலோகக் குழாய், பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டம். இதில் பிடிப்பு என்பதே வெறும் தோல்தான். அதனால் ஷார்ட்ஸ் அவசியம். முழங்காலின் பின்பக்கமும், இடுப்பின் பக்கவாட்டும், அக்குளும் கம்பத்தைத் தொடவேண்டும். லெக்கிங்ஸ் போட்டால் வழுக்கும். அன்றைக்கு உடம்பில் லோஷன், எண்ணெய் எதுவும் கூடாது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

உடம்பும் கம்பமும் சில்லென்று இருந்தால் பிடிப்பே வராது. தோள், மணிக்கட்டு, தொடையின் பின்தசை மூன்றையும் நன்றாகச் சூடேற்றுங்கள். கம்பத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சுழலாதபடி பூட்டிவையுங்கள். சுழலும் கம்பத்தில் முதல் லெக் ஹேங் செய்துபார்ப்பது வீண் வீரம். வீட்டுக் கம்பம் என்றால் மேலும் கீழும் இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பாருங்கள். அடியில் தடிமனான கிராஷ் மேட், அதாவது விழுந்தால் தாங்கும் மெத்தைப் பாய், கட்டாயம், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவரும் வேண்டும். அவர் உங்கள் முதுகுப் பக்கம் நின்று, ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மற்றொன்றை இடுப்பிலும் வைத்துக்கொள்ளலாம். நீட்டிய காலின் வழியில் அவர் முகம் இருக்கக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தரையில் முதலில்

இதைத் தவிர்க்க நினைக்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் இங்கேதான் பாதி வித்தை இருக்கிறது.

கம்பத்தின் அடியில் மல்லாந்து படுங்கள். கம்பம் வலது இடுப்பை ஒட்டி இருக்கட்டும். இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கம்பம் நடுவில் வரும்படி கால்களை விரித்துத் தூக்குங்கள். இப்போது இடது காலை மடித்து முழங்காலின் பின்குழியைக் கம்பத்தில் மாட்டுங்கள். கெண்டைக்கால் கம்பத்தைத் தாண்டி வலப்பக்கம் போகும். குதிகாலைப் புட்டத்தை நோக்கி இழுங்கள். தொடையின் பின்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தால் அந்தத் தசை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் கால் மாட்டியிருக்கிறது, பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் இடுப்பைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, வலது காலை வெளிப்பக்கமாக நீட்டித் தாழ்த்துங்கள். காலைத் தாழ்த்தத் தாழ்த்த, வலது இடுப்பு எலும்புக்கு மேலே உள்ள சதை கம்பத்தில் அழுந்துவது தெரியும். அதுதான் இரண்டாவது பிடிமானம். வலது காலை மறுபடி மேலே தூக்கிப் பாருங்கள், அந்த அழுத்தம் உடனே போய்விடும். நீட்டுகிற கால் அழகுக்காக மட்டும் இல்லை என்பது இதைச் செய்து பார்த்தால்தான் விளங்கும். தாழ்த்துவது, தூக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்து அந்த வித்தியாசத்தை உடம்புக்குப் பழக்குங்கள்.

இப்போது மேலே

கம்பத்தில் ஏற வேண்டாம், தரையில் நின்ற இடத்திலிருந்தே தொடங்குங்கள். அப்போது கை நீட்டினால் பாயைத் தொடுகிற உயரத்தில்தான் தொங்குவீர்கள்.

கம்பத்தை வலது அக்குளை ஒட்டி வைத்து, இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்தில் உடம்புக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். தோள்கள் காதோடு ஒட்டாமல் கீழே இறங்கியிருக்கட்டும். மூச்சை விட்டுக்கொண்டே முழங்கால்களை மடித்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து, இடுப்பு மேலே வரும்படி பின்னால் சாய்ந்து, கால்களை V போல விரியுங்கள்.

இங்கே ஒரு நொடி நில்லுங்கள். அவசரமாகக் காலை மாட்டினால் கம்பம் பின்குழியில் உட்காராமல் கெண்டைக்காலில் உட்காரும், பிறகு வழுக்கும். இடுப்பை இன்னும் கொஞ்சம் தூக்கி, இடது காலை எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே கொண்டுபோய் மாட்டுங்கள். கம்பத்துக்கும் பின்குழிக்கும் நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. குதிகாலை இழுங்கள், கால்விரல்களைக் கூர்மையாக நீட்டுங்கள்.

அடுத்தது, தரையில் பழகிய அதே வேலை. வலது காலை வெளிப்பக்கம் நீட்டித் தாழ்த்துங்கள், இடுப்பைத் திறந்து கொடுங்கள். வலது இடுப்பு கம்பத்தில் அழுந்தும், வலது அக்குளும் விலாவும் கம்பத்தை ஒட்டியிருக்கும். பின்குழி, இடுப்பு, அக்குள் என மூன்று இடத்திலும் கம்பம் படுகிறதா என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கையை விட வேண்டாம்.

மூன்றும் சரி என்றால் முதலில் இடது கை. பட்டென்று விடாமல், கையில் இருக்கும் எடையைக் குறைத்து, விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் நிலைக்கு வாருங்கள். உடம்பு நகரவில்லையென்றால் அந்தக் கையைப் பாயை நோக்கி நீட்டலாம். ஆரம்ப நாட்களில் இத்தோடு இறங்கிவிடுவதே நல்லது. அது நடுக்கமில்லாமல் வந்தபிறகு, அக்குளை இறுக்கியபடியே வலது கையையும் மெதுவாக விடலாம்.

இறங்குவது

உண்மையில் இதைத்தான் முதலில் கற்க வேண்டும். கையை விடாமலே காலை மாட்டி, கழற்றி, இறங்குவதைப் பல தடவை செய்தபின்தான் கையை விடும் பேச்சே எடுக்கலாம்.

இரண்டு கையையும் கம்பத்துக்குக் கொண்டுவந்து உடம்புக்கு அருகில் இறுகப் பிடியுங்கள். வயிற்றைச் சுருக்கி மேலே எழுந்து, வலது காலைத் தூக்கி V நிலைக்கு வாருங்கள். எடை முழுவதும் கைக்கு வந்தபிறகே இடது காலைக் கழற்ற வேண்டும். முழங்கால்களை மடித்து, பாதத்தை மெதுவாகத் தரையில் வையுங்கள். தொப்பென்று விழுகிறீர்கள் என்றால் களைத்துவிட்டீர்கள், அன்றைக்கு அது போதும். எழுந்தவுடன் நடக்காமல் சற்று நில்லுங்கள், தலை சுற்றலாம்.

தொங்கும்போது வழுக்குவதாகத் தோன்றினால் காலை விடுவித்துவிட வேண்டும் என்றுதான் பதற்றத்தில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், தலை நேராகக் கீழே போகும். காலை இன்னும் இறுக்கி, கைகளைக் கம்பத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு நேரமில்லையென்றால் கைகளைப் பாயில் ஊன்றி, தாடையை நெஞ்சோடு ஒட்டிக் கழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பற்றி

பின்குழியில் தோல் எரியும், மறுநாள் கன்றிப்போய் நீலம் பாயும். இது எல்லோருக்கும் வருவதுதான், தோல் பழகப் பழகக் குறையும். ஆனால் பாதம் மரத்துப்போவதும் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்று காலில் இறங்குவதும் வேறு விஷயம். முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, அது நசுங்கினால் இப்படி ஆகும். உடனே இறங்கிவிடுங்கள். தொடையின் பின்னால், புட்டத்துக்குக் கீழே இழுத்துப் பிடித்தாலும் அப்படித்தான். அந்தத் தசை ஒருமுறை பிய்ந்துவிட்டால் ஆற நாள் பிடிக்கும்.

ஃபோனைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து பாருங்கள். முகத்தையும் கால்விரலையும் விட்டுவிட்டு வலது இடுப்பை மட்டும் கவனியுங்கள். இடுப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால், மறுபடி தரையில் படுத்துப் பழக வேண்டியதுதான்.

ஒரு பக்கம் வந்ததும் இன்னொரு பக்கத்தைத் தொடங்குங்கள். கம்பம் இடப்பக்கம், மாட்டுவது வலது கால். கை குழம்பும், எரிச்சலாக இருக்கும், தரைப் பயிற்சியிலிருந்தே மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும். உள்கால் லெக் ஹேங்குக்கு இரண்டு பக்கமும் வந்தபிறகு போகலாம். அதில் மேல்உடம்பையே கம்பத்தின் மறுபக்கம் மாற்ற வேண்டியிருக்கிறது, அதனால் அதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் முயலுங்கள்.