மழைக்கு முன்னாடி மரத்தையும் பாருங்க, டியூட்டி லிஸ்ட்டையும் பாருங்க

ஜூன் மழைக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி ரோட்டோரமா ஒரு ரவுண்டு நடந்துடுங்க. நம்ம நீலகிரில சீகை மரம்தான் (வாட்டில்னு சொல்வாங்களே, அது) பெரிய தலைவலி, வேர் ஆழமா போகாது, மண்ணு ஊறினா அப்படியே சாஞ்சிடும். அடியில காளான் முளைச்சிருக்கா, வேர்ப்பக்கம் மண்ணு புதுசா வெடிச்சிருக்கா, தட்டினா பொந்து சத்தம் வருதான்னு பாருங்க. இருந்தா போட்டோவோட மனு குடுங்க, நீங்களா வெட்டிடாதீங்க, 1955ம் வருஷ மலைப்பகுதி மரச் சட்டம் இருக்கு.

அப்புறம் டியூட்டி லிஸ்ட். குன்னூர் ரோடு அடைச்சா மேட்டுப்பாளையத்துல இருந்து வர்ற நர்சக்கா கோத்தகிரி சுத்தி வரணும், அதுவும் அடைச்சா அவ்ளோதான், அதனால ரெட் அலர்ட் அன்னைக்கு நடந்தே வரக்கூடியவங்கள நைட் ஷிப்ட்ல போடுங்க, கீழ இருந்து வர்றவங்கள முந்தின நாளே மேல தங்க வைங்க (ஸ்வெட்டர் கொண்டு வரச் சொல்லுங்க, மறந்துடுவாங்க). மரம் விழுந்தா மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077க்கு போன் போடுங்க.