கணிதமும் அறிவியலும் கற்பிக்கப் பயிற்சி ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தும் முறை

பாடம் தெரிந்திருப்பது வேறு. அந்தப் பாடத்தில் மாணவர் எங்கே இடறுவார் என்பது தெரிந்திருப்பது வேறு. இந்த இரண்டாவது அறிவைக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986ஆம் ஆண்டிலேயே தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தும், பயிற்சி வகுப்புகள் பலவற்றில் பாடம் ஒருபுறமும் கற்பிக்கும் முறைகள் மறுபுறமுமாக ஒன்றையொன்று தொடாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே கணக்கில், ஒரே சோதனையில் சந்திக்க வைப்பதே பயிற்றுநரின் முதல் வேலை.

தொடக்கத்திலேயே பயிற்சி ஆசிரியர்களிடம் ஒரு சிறு வேலையைக் கொடுங்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி, பிறகு அதே வகுத்தலுக்குப் பொருந்தும் வாழ்க்கைக் கணக்கு ஒன்றை எழுதச் சொல்லுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கி மூன்றரை என்ற விடையைப் பெரும்பாலோர் நொடியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் கணக்கு எழுதும்போது, ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இருவருக்குச் சமமாகப் பங்கிடுவதாகச் சிலராவது எழுதுவார்கள். அது இரண்டால் வகுப்பது. விடை எட்டில் ஏழு பங்குதான். அரை லிட்டர் குவளையால் எத்தனை முறை அளக்கலாம் என்று கேட்பதே சரியான கணக்கு. இந்தத் தவற்றை அவர்களே கண்டுபிடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். விதியை ஒப்பிப்பதற்கும் பொருளை அறிவதற்கும் உள்ள தூரத்தை விரிவுரையால் இவ்வளவு தெளிவாக உணர்த்த முடியாது.

அடுத்ததாக, மாணவரின் தவறுகளைப் படிக்கப் பழக்குங்கள். 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதிய ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் அடிப்பது எளிது. உண்மையில் அக்குழந்தை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அதே குழந்தை 71இலிருந்து 46ஐக் கழித்தால் என்ன எழுதும் என்று கேளுங்கள். 35 என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்தத் தவற்றின் வேர் பிடிபட்டிருக்கிறது.

அறிவியலில் இதே பழக்கத்தைச் சோதனை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே வகையான இரு சிறு மின்விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்பாதையில் (தொடரிணைப்பில்) பொருத்தி, சுற்றை மூடுவதற்கு முன் எது அதிகமாக ஒளிரும் என்பதை ஒவ்வொருவரும் காரணத்துடன் எழுதட்டும். முதல் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்ற எண்ணம் பள்ளி மாணவரிடம் மட்டும் இருப்பதன்று. சுற்றை மூடினால் இரண்டும் ஒன்றுபோல் ஒளிர வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் விளக்குகள் துல்லியமாக ஒத்திருப்பதில்லை என்பதால் ஒன்று சற்று மங்கலாகத் தெரியலாம். அப்போது பதறாமல் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தினால் மங்கலும் விளக்கோடு சேர்ந்தே இடம் மாறும். எனவே காரணம் விளக்கே, அது இருக்கும் இடமன்று. எந்தச் சோதனையையும் வகுப்பில் காட்டுவதற்கு முந்தைய நாளே, அதே பொருள்களைக் கொண்டு செய்து பார்க்க வேண்டும் என்ற விதியை இங்கேயே வகுத்துவிடலாம்.

இதன் பிறகே நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறையில், ஐந்து முதல் பத்து நிமிடப் பாடத்தைச் சிறு குழுவுக்கு நடத்தி, குறை கேட்டு, மறுபடியும் நடத்த வேண்டும். நேரமில்லை என்று பல இடங்களில் கைவிடப்படுவது அந்த மறுமுறைதான். என் கணிப்பில் பயிற்சியின் பயனே அதில்தான் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு திறனை மட்டும் கவனியுங்கள். கேள்வி கேட்டபின் காத்திருப்பதிலிருந்து தொடங்கலாம். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் மாணவரின் விடைகள் நீள்கின்றன என்பதையும் அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் வகுப்பறை ஆய்வுகள் காட்டின. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

பள்ளிக்கு அனுப்பும்போது பாடக்குறிப்பின் வடிவத்தையும் மாற்றுங்கள். ஆசிரியர் செய்வனவற்றின் அருகில், மாணவர் சொல்லக்கூடிய தவறான விடைகளுக்கு ஒரு நெடுவரிசையும், உண்மையில் சொன்னவற்றுக்கு இன்னொரு நெடுவரிசையும் ஒதுக்கச் சொல்லுங்கள். பாடம் முடிந்த அன்றே வழிகாட்டி ஆசிரியருடன் அமர்ந்து இரண்டையும் ஒப்பிட்டு, எதிர்பாராத விடை ஒன்றைத் தேர்ந்து, மறுநாள் பாடத்தை அதிலிருந்தே தொடங்குமாறு பணியுங்கள்.