பிராதில் கோபத்தை எழுதாதீர்கள், எல்கையை எழுதுங்கள்

குமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் ஒருவர் எல்கை (நில எல்லை) வழக்குப் போடக் கிளம்பினால், பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) எழுத வக்கீலிடம் கொடுக்கும் குறிப்பில் பக்கத்து விளைக்காரர் (நிலத்துக்காரர்) கோயில் கொடையில் பேசிய பேச்சு, அவர் மகன் குடிப்பது, பத்து வருடமாக முகம் பார்க்காதது எல்லாம் வரிசையாக வந்துவிடும். கையாலை (எல்லைச் சுவர்) எந்த மாதம் இடிந்தது, எந்தப் பக்கம் எத்தனை அடி உள்ளே வந்தார்கள் என்பது மட்டும் வராது.

அந்த வருத்தம் உண்மையானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதிராளி இதை மறுத்து, நான் நிரூபித்தும் விட்டால், எல்கை எங்கே என்பதில் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அந்த வரி வேண்டாம். மகன் குடிப்பது அப்படிப்பட்டதுதான். சிவில் வழக்கில் ஒருவருடைய குணத்தைக் காட்டி, அதனால் இந்தக் காரியத்தை அவர்தான் செய்திருப்பார் என்று சொல்வது பொதுவாகச் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான். தேவையில்லாத, அவதூறான பகுதிகளை நீதிமன்றமே அடித்துவிடலாம் என்று 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் ஆணை, 16-ஆம் விதி சொல்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, வேண்டியதை விடுவது. 'கூண்டில் ஏறிச் சொல்லிக்கொள்ளலாம்' என்று நினைக்கிறார்கள். பிராதில் இல்லாத சங்கதிக்குச் சாட்சி சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் உடனே ஆட்சேபிப்பார், விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்டால் முன்பே ஏன் சொல்லவில்லை என்பதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும். அதனால் சர்வே எண், நான்கு எல்கை, யாரிடமிருந்து எப்போது கிரயம் வாங்கியது, இவற்றை முதலிலேயே எழுதுங்கள். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய ஆதாரம் (பத்திரம்) மலையாளத்தில் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பை இப்போதே தயார் செய்யுங்கள்.

அப்புறம், 'மோசடி செய்து பத்திரம் எழுதினார்' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். என்ன பொய் சொன்னார், எந்தத் தேதியில், யாரிடம் என்று விவரம் வேண்டும், அது அதே 6-ஆம் ஆணையின் 4-ஆம் விதி. அந்தப் பொய்யை யார் யார் கேட்டார்கள் என்பது சாட்சியம், அதற்குப் பிராதில் இடமில்லை.

நீங்கள் பிரதிவாதி என்றால் 'எல்லாம் பொய்' என்று மொத்தமாக மறுத்து நிறுத்தாதீர்கள், குறிப்பாக மறுக்காத சங்கதியை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.