பெயரை விற்கும் முன்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் ஏ.ஜே. கிரீன், தான் போட்டு விளையாடிய ஜெர்சி ஒன்றை 1,000 டாலருக்கு விற்றார். (கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.) விதிமீறல் என்று நான்கு ஆட்டங்களுக்குத் தடை விழுந்தது. அவர் வெளியே உட்கார்ந்திருந்த அதே சமயத்தில், அவருடைய 8-ஆம் எண் ஜெர்சிகள் பல்கலைக்கழகக் கடையில் விற்பனைக்குத் தொங்கின.

இன்று அந்தக் கதை வேடிக்கையாகத் தெரியும். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2021 ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விட்டுவிட்டது. சுருக்கமாக என்.ஐ.எல். என்கிறார்கள். ஃபிரெஸ்னோ ஸ்டேட் கல்லூரிக்குக் கூடைப்பந்து ஆடிய கேவிண்டர் இரட்டையர் அன்றைக்கே பூஸ்ட் மொபைல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள்.

சம்பாதிப்பதில் தவறே இல்லை. ஆனால் பதினெட்டு வயதில் போடும் கையெழுத்து, கல்லூரியை விட்டுப் போன பிறகும் கூடவே வரும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

‘எங்கே கையெழுத்துப் போடணும்?’

ஒப்பந்தத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது தொகையை. முதலில் பார்க்க வேண்டியது காலத்தை.

ஃபுளோரிடா பல்கலைக்கழக வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-இல் பிக் லீக் அட்வான்ஸ் என்ற நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். கல்லூரி மாணவனுக்கு அது மலைக்க வைக்கும் பணம். பதிலுக்கு அவர் ஒப்புக்கொண்டது: தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் சம்பாதிப்பதில், வரி கழிப்பதற்கு முன்பே, 15 சதவீதம். எத்தனை காலத்துக்கு? 25 ஆண்டுகளுக்கு. அடுத்த ஆண்டே சிகாகோ பேர்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் ஒப்பந்தம் மட்டுமே சுமார் 67 லட்சம் டாலர். அதில் 15 சதவீதம் என்றால் 10 லட்சம் டாலர், அதாவது வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குப் பிறகு வரும் ஒப்பந்தங்களுக்கும் கணக்கு ஓடும். 2023-இல் அவர் நீதிமன்றத்துக்குப் போனார். கந்துவட்டியைப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே உறைக்கும். ஆங்கிலத்தில், வழவழப்பான தாளில், என்.ஐ.எல். என்று தலைப்புப் போட்டு வந்தால் உறைக்காது போலிருக்கிறது.

இவ்வளவு பெரிய தொகை எல்லோருக்கும் வராது. ஆனால் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடை தரும் 500 டாலர் ஒப்பந்தத்திலும் இதே விஷம் சிறிய அளவில் இருக்கலாம். ‘என்றென்றைக்கும் உங்கள் படத்தைப் பயன்படுத்தும் உரிமை’ என்று ஒரு வரி. ‘இதே வகைப் பொருளை வேறு யாருக்காகவும் விளம்பரப்படுத்தக் கூடாது’ என்று இன்னொரு வரி. சிறிய பானக் கம்பெனி ஒன்றிடம் இப்படிச் சிக்கியவருக்கு, மறு வருடம் பெரிய கம்பெனி வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எப்போது முடிகிறது, யார் ரத்து செய்யலாம், கல்லூரி மாறினால் என்ன ஆகும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் தாளில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது.

ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விடுவதும் இதே வகைதான். என்.எஃப்.எல். வீரர் சங்கம், சம்பள ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் வாங்கும் பங்கை 3 சதவீதத்தில் கட்டிப்போட்டிருக்கிறது. கல்லூரி அளவில் அப்படிப் பொதுவான கடிவாளம் கிடையாது. அவர் அந்த மாநிலத்தில் பதிவு செய்தவரா என்றாவது பார்க்க வேண்டும்.

வாய்ப்பேச்சு

2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக அணி மூன்று ஆட்டங்களிலும் வென்று நின்றபோது, அதன் குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர்) மேத்யூ ஸ்லூகா, இனி ஆட மாட்டேன் என்று விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாக வாயால் சொன்னார்கள், தரவில்லை என்றது அவர் தரப்பு. பேசியதையெல்லாம் கொடுத்துவிட்டோம் என்றது பல்கலைக்கழகம். எழுத்து இல்லாததால் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருக்கலாம்.

சரி, எழுதிவிட்டால் போதுமா? ஜேடன் ரஷாடா என்ற பள்ளி மாணவருக்கு, ஃபுளோரிடா அணியின் பணக்கார ரசிகர்கள் பின்னால் நின்ற ‘கலெக்டிவ்’ என்ற நிதிக்குழு 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தருவதாக 2022 நவம்பரில் எழுத்திலேயே ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. தாளில் எழுதிய தொகை பணமாகக் கைக்கு வந்தால்தான் பணம்.

வரிக்காரர் வருவார்

சம்பளமாக இருந்தால் வரியைப் பிடித்துக்கொண்டு தருவார்கள். இங்கே முழுத் தொகையும் கணக்கில் வந்து விழும், அதுவே பொறி. வீரர் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுகிறார். செலவு போக 400 டாலரைத் தாண்டினாலே 15.3 சதவீத சுயதொழில் வரி உண்டு. 10,000 டாலர் நிகர வருமானத்தில் சுமார் 1,400 டாலர் அதற்கே போய்விடும். வருமான வரி அதற்கு மேல் தனி. அதையும் ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று இருக்க முடியாது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், மறு ஜனவரி ஆகிய மாதங்களின் 15-ஆம் தேதிகளை ஒட்டித் தவணை கட்ட வேண்டும்.

‘பணம் கொடுத்தவரிடமிருந்து 1099 என்ற வருமானப் படிவம் வரவில்லை, அதனால் வரி இல்லை’ என்பது தப்புக்கணக்கு. கார் ஷோரூம் ‘சும்மா’ ஓட்டக் கொடுத்த கார், கம்பெனி அனுப்பிய ஷூ எல்லாமே சந்தை விலைக்கு வருமானம்தான். குடும்ப வருமானத்தை வைத்து அரசு உதவித்தொகை வாங்கும் மாணவர் என்றால் இன்னொரு இடி: இந்த வருமானம் எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. விண்ணப்பத்தில் ஏறி, உதவித்தொகையைக் குறைக்கலாம்.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ‘ஹவுஸ்’ வழக்குச் (வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்டது) சமரசத்துக்குப் பிறகு, முதல் பிரிவுக் கல்லூரிகளே தங்கள் வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். கூடவே, வெளியார் தரும் 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள ஒப்பந்தங்களை என்.ஐ.எல். கோ என்ற இணைய முறையில் பதிய வேண்டும். அண்ணன் சொன்னார், சீனியர் சொன்னார் என்று பழைய விதியை நம்பியிருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கல்லூரிச் சின்னத்தை அனுமதியில்லாமல் விளம்பரத்தில் போடுவதும், காசு வாங்கிய இன்ஸ்டாகிராம் பதிவில் அதைச் சொல்லாமல் மறைப்பதும் தவறு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள்

இந்தப் பகுதி நம்மவர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. டென்னிஸ் போன்ற ஆட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்குப் போவது புதிதல்ல. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் ஒற்றையர் பட்டம் வென்றார். அன்று இந்தப் பணம் இல்லை, இந்தச் சிக்கலும் இல்லை.

மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்தால் விசா நிலையே போய்விடலாம். விளம்பரத்துக்கு நடிப்பது, கடை திறப்பு விழாவில் ஆட்டோகிராஃப் போடுவது எல்லாம் வேலையாகக் கணக்கில் வரும் ஆபத்து உண்டு. என்.சி.ஏ.ஏ. அனுமதித்ததும் குடியேற்றச் சட்டம் அனுமதிப்பதும் வேறு வேறு. கூடவே ஆடும் அமெரிக்க நண்பன் செய்கிறானே என்று அதே பீட்சா கடைக்கு ஒரு வீடியோ எடுத்துப் போட்டால், நண்பனுக்கு 300 டாலர் வரும். நமக்கு ஊருக்கு டிக்கெட் வரலாம்.

காங்கோவில் பிறந்த ஆஸ்கர் ஷீப்வே, கென்டக்கி கூடைப்பந்து அணியின் நட்சத்திரமாக இருந்தும் இதே சிக்கலில் மாட்டினார். 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸுக்கு ஆடப் போனபோது, விளம்பர வேலைகளை அந்த மண்ணிலேயே வைத்துக்கொண்டார். வேலை அமெரிக்காவில் நடக்கவில்லை அல்லவா. வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து போட்ட திட்டம் அது. அந்த வசதி இல்லாதவர்கள் கேட்க வேண்டிய இடம் கோச்சின் அறை அல்ல. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் கேட்க வேண்டும், அதுவும் படம் எடுப்பதற்கு முன்னால்.