பைத்தானிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு: பில் தொகை மாறாமல் புரோகிராமை மாற்ற

பினாங்குக்காரர்களுக்கு ஆயர் ஈத்தாம் பலகை தெரியும். அதன் முதல் சொல்லை ஆங்கிலமாகப் படித்தால் காற்று, மலாயாகப் படித்தால் தண்ணீர். எழுத்து மூன்றும் அதேதான். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதியதை ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு மொழிக்கு மாற்றும்போது நம்மைக் கவிழ்ப்பதும் இந்த மாதிரிச் சொற்கள்தான். அடைப்புக்குறி விட்டுப்போனால் கணினியே கத்திவிடும். பிழையே காட்டாமல் வேறு விடை தருவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

அதனால் புதிதாக ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், பழைய புரோகிராமுக்கு உண்மையான பில்கள் ஒரு நூறு கொடுத்து, வரும் விடைகளை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதே பில்களைப் புதியதில் ஓட்டி ஒப்பிடுங்கள். ஏஐ மாற்றிக் கொடுத்தாலும் இதை விடாதீர்கள்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் மாமா கடைக்கு நான் எழுதிய பில் புரோகிராமை மாற்றியபோது இதைச் செய்யவில்லை, மாட்டிக்கொண்டேன். 2 வெள்ளி 50 காசுப் பொருளுக்கு 5 சதவீதக் கழிவு என்றால் 12.5 காசு. பைத்தானின் ரவுண்ட் (முழு எண்ணாக்கும் கட்டளை), சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும், அதாவது 12. ஜாவாஸ்கிரிப்டின் மேத் ரவுண்ட் மேலே ஏற்றி 13 ஆக்கும். ஒரு காசுதானே என்று விட முடியாது, 2008 ஏப்ரலில் இருந்து இங்கே மலேசியாவில் ரொக்கமாகக் கட்டினால் மொத்தத்தை 5 காசுக்கு முழுமையாக்க வேண்டும். கழிவு போகப் பழையதில் 238 காசு, அது 240 ஆகும். புதியதில் 237, அது 235 ஆகும். ஒரு காசு ஐந்து காசாகிவிட்டது!

இதற்கு, சரிபாதி வந்தால் இரட்டை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சின்ன ஃபங்ஷனை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பழைய கணக்கே தப்பு என்று தோன்றினாலும் முதலில் அதே விடை வரட்டும், திருத்தத்தை அப்புறம் கடைக்காரரைக் கேட்டுத் தனியாகச் செய்யலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதனால் மாறியது என்றே தெரியாது. தசமக் குழப்பம் (0.1, 0.2 கூட்டினால் 0.3-க்குப் பின்னால் வால் முளைப்பது) இரண்டு மொழியிலும் ஒன்றுதான், தொகையை எப்போதும் முழுக் காசாகவே வையுங்கள்.

அடுத்தது சார்ட் (sort), அதாவது வரிசைப்படுத்தும் கட்டளை. 90, 250, 1000 என்ற விலைகளை ஜாவாஸ்கிரிப்டில் சும்மா வரிசைப்படுத்தினால் எழுத்துகளாக எடுத்துக்கொண்டு 1000, 250, 90 என்று தரும். முதல் எண்ணிலிருந்து அடுத்ததைக் கழித்துத் தரும் ஃபங்ஷன் ஒன்றைச் சார்ட்டுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும்.

லிஸ்டில் ஏதாவது இருக்கிறதா என்று இஃப் போட்டுக் கேட்டால், காலி லிஸ்ட் பைத்தானுக்குப் பொய், ஜாவாஸ்கிரிப்டுக்கு மெய். அதனால் பொருளே இல்லாத பில்லும் அச்சாகி வரும், நீளம் பூஜ்யமா என்று பாருங்கள். ஞாயிறை 0 என்று வைத்து முந்தைய நாளைத் தேடினால், கழித்தல் 1-ஐ 7-ஆல் வகுத்த மீதி பைத்தானில் 6, அதாவது சனி. ஜாவாஸ்கிரிப்டில் கழித்தல் 1, அப்படி ஒரு கிழமையே கிடையாது. 7-ஐக் கூட்டிவிட்டு மறுபடி மீதி எடுங்கள். அப்புறம் தேதி: ஜாவாஸ்கிரிப்டில் தேதியை எண்களாகக் கொடுத்தால் ஜனவரி 0, ஆகவே 10 என்பது நவம்பர். தீபாவளிக் கழிவுக்குத் தேதி போடுகிறவர்கள் இதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.