ஆகஸ்ட் மாதப் பயிற்சிச் செய்திகளை நம்பி ரசிகர்கள் செய்யும் தவறுகள்

ஜூலை கடைசியில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் ‘ஃபால் கேம்ப்’ என்ற பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமைத் தொடங்கியதும் செய்திகள் வந்து விழ ஆரம்பிக்கும். புது குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) நீளமாக இரண்டு பந்து வீசினார், இடப்பக்க டேக்கிள் (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்) இடத்துக்கு மூன்று பேர் போட்டி, போன வருஷம் காயத்தால் ஆடாத லைன்பேக்கர் (தடுப்பாட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) மறுபடி ஓடுகிறார். முதல் ஆட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும். அதுவரை ரசிகர்கள் பேசுவதற்கு இருப்பவை இந்தத் துணுக்குகள்தான். கொலம்பஸிலோ ஆன் ஆர்பரிலோ ஆஸ்டினிலோ படிக்கப் போய், அந்த ஊர் அணியையே தங்கள் அணியாக்கிக்கொண்ட நம்மவர்களும் இந்தப் பேச்சில் ஆர்வமாகக் கலந்துகொள்கிறார்கள்.

எனக்கும் இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு நாள் மதியம் மூன்று பந்தைத் தவறவிட்டதை வைத்து அவனுடைய எதிர்காலத்தையே தீர்மானித்துவிடுகிறார்கள். எந்தப் பயிற்சிச் செய்தியைப் படித்தாலும் முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: அது எந்தப் பயிற்சியில் நடந்தது, அவரோடு ஆடியவர்கள் யார், எதிரே நின்றவர்கள் யார். இந்த மூன்றும் தெரியாவிட்டால் அந்தச் செய்தியைப் படிக்கலாம், ரசிக்கலாம்; அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

எதிரே நிற்பதும் நம் அணிதான்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதை மறப்பது. கேம்ப் முழுக்க அணி தனக்கு எதிராகத் தானேதான் ஆடுகிறது. சனிக்கிழமை ஸ்க்ரிம்மேஜில் (அணிக்குள் நடக்கும் ஒத்திகை ஆட்டத்தில்) நம் டிஃபன்சிவ் எண்ட் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்) மூன்று முறை குவாட்டர்பேக்கை மடக்கினார் என்று செய்தி வரும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த மூன்று முறையும் ஏமாந்தவர் நம் டேக்கிள். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் அன்று பிரமாதமாக ஆடினார்கள் என்றால் அவர்களைத் தடுக்கும் நம் கார்னர்பேக்குகள் அன்று கோட்டை விட்டார்கள் என்று பொருள். ஒரு சட்டைப்பையில் இருக்கும் பணத்தை இன்னொரு பையில் போட்டுவிட்டுச் சம்பாதித்துவிட்டோம் என்று சொல்வது போலத்தான் இது.

அப்படியானால் எதுவுமே தெரியாதா? தெரியும். எதிரே நின்றவர் ஏற்கெனவே தன்னை நிரூபித்தவரா என்று பார்க்க வேண்டும். இரண்டு பருவம் முழுக்க ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் வரிசை வீரராக) ஆடிய இடப்பக்க டேக்கிளை ஒரு புதுப் பையன் வாரக்கணக்கில் திணறடிக்கிறான் என்றால், அந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது. புது டேக்கிளைப் புது டிஃபன்சிவ் எண்ட் தாண்டினார் என்றால் இரண்டு பேரைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. அதேபோல் முதல் வரிசை ரிசீவர் இரண்டாம் வரிசை கார்னர்பேக்கைத் தாண்டி டச்டவுன் எடுத்தார் என்றால் அது நடக்க வேண்டியதுதானே. செய்தி எழுதுகிறவர் ‘முதல் வரிசைக்கு எதிராக’ என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் கவனம் கொடுங்கள். பல சமயம் அந்த வரி இருக்காது.

பயிற்சியின் வகையைப் பார்க்காமல் மதிப்பிடுவது

ஒருவருக்கு ஒருவர் என்று ரிசீவரையும் கார்னர்பேக்கையும் நிறுத்தி விளையாடவிடும் பயிற்சி இருக்கிறது. அதன் வீடியோ துண்டுகள்தான் அதிகம் பரவும். அதில் குவாட்டர்பேக்கைத் துரத்தி யாரும் வருவதில்லை, கார்னருக்குப் பின்னால் உதவிக்கு சேஃப்டி என்ற கடைசித் தடுப்பாளர் இல்லை, மைதானம் முழுக்க ரிசீவருக்குத் திறந்து கிடக்கிறது. ரிசீவர் ஜெயிப்பதற்குத் தோதான பயிற்சி அது. அதில் ஒரு கார்னர் பத்துக்கு நாலு முறை தடுத்தாலே நல்ல ஆட்டம்.

முன்வரிசையில் மோதும் லைன்மேன்களுக்குள் நடக்கும் ஒருவருக்கு ஒருவர் பயிற்சி இதற்கு நேர்மாறு. ஆட்டத்தில் கார்டு என்ற லைன்மேனுக்குப் பக்கத்தில் சென்டரோ டேக்கிளோ துணைக்கு இருப்பார்கள்; இங்கே தனியாக நிற்கிறார். துரத்துபவருக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. அதனால் அந்த வீடியோவில் ஆஃபன்சிவ் லைன்மேன் தடுமாறுவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

‘செவன் ஆன் செவன்’ பயிற்சியில் இரண்டு பக்கமும் லைன்மேன்களே கிடையாது. குவாட்டர்பேக் நிம்மதியாக நின்று வீசலாம். அதில் இருபதுக்குப் பதினேழு பந்து சரியாகப் போட்டார் என்பது, அவர் ஆட்டத்திட்டத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லும். நெருக்கடியில் என்ன செய்வார் என்று சொல்லாது. பதினொருவருக்குப் பதினொருவர் ஆடும் முழு அணிப் பயிற்சியில்கூட குவாட்டர்பேக்கை யாரும் தொடக்கூடாது. அவர் வேறு நிற ஜெர்சி போட்டிருப்பார், டிஃபன்ஸ் பக்கத்தில் வந்ததும் கோச் விசில் ஊதிவிடுவார். ஓடித் தப்பிப்பதையே பலமாகக் கொண்ட குவாட்டர்பேக்குக்கு இது பெரிய நஷ்டம். ஆட்டத்தில் ஒரு கையை உதறிவிட்டு இருபது கஜம் ஓடியிருப்பார்; பயிற்சியில் அது ‘சாக்’ (பந்தோடு மடக்கப்பட்டார்) என்று கணக்காகிவிடும். அப்படிப்பட்டவர் பயிற்சியில் சுமாராகத் தெரிவதும், உண்மையான ஆட்டத்தில் வேறு ஆளாக மாறுவதும் நடக்கிற விஷயம்.

இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிராளி பிடித்துவிடுவது) எண்ணிக்கையும் இப்படித்தான். இந்த இடைவெளிக்குள் பந்தைத் திணிக்க முடியுமா என்று பார்க்கச் சொல்லி கோச்சே குவாட்டர்பேக்கிடம் சொல்லியிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்ப்பதற்கான இடம் கேம்ப்தான்.

பேட் போடும் முன்பே பேச ஆரம்பிப்பது

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி கேம்பின் முதல் நாட்களில் ஹெல்மெட் மட்டும்தான், பிறகு படிப்படியாகத்தான் முழுப் பாதுகாப்பு உடைக்கு (பேட்) வருவார்கள். வெயிலில் உடம்பு பழகுவதற்காக இந்த ஏற்பாடு. 2021-இல் விதி இன்னும் இறுகியது: 25 பயிற்சிகளில் முழு பேட் போட்டு நடத்தக்கூடியவை 21-லிருந்து 9-ஆகக் குறைந்தன, ஸ்க்ரிம்மேஜ் இரண்டுக்கு மேல் கூடாது. வீரர்களின் தலைக்கும் உடம்புக்கும் நல்ல முடிவு அது, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ரசிகர் இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உடம்போடு உடம்பு மோதித்தான் தெரிய வேண்டிய இடங்களில் — ஆஃபன்சிவ் லைன், டிஃபன்சிவ் லைன், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், லைன்பேக்கர் — நம்பக்கூடிய தகவல் முழு மாதத்திலும் அதிகபட்சம் ஒன்பது நாளில்தான் உருவாகிறது. முதல் வாரத்தில் அரைக்கால் சட்டையோடு ஓடும் ரன்னிங் பேக் எல்லோருமே வேகமாகத்தான் தெரிவார்கள்.

கோச் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்வது

கோச் மைக் முன்னால் பேசும்போது அதை ரசிகர் மட்டும் கேட்பதில்லை. அவருடைய வீரர்கள் கேட்கிறார்கள், அவர் சேர்க்க நினைக்கும் பள்ளிப் பையன்கள் கேட்கிறார்கள், முதல் ஆட்டத்தின் எதிரணி கோச்சும் கேட்கிறார். ஆகவே ‘இரண்டு பேரும் சமமாக இருக்கிறார்கள்’ என்று அவர் சொன்னால், உண்மையிலேயே சமமாக இருக்கலாம். எதிரணி இரண்டு பேருக்கும் தயாராக வேண்டியிருக்கட்டும் என்றும் இருக்கலாம். தோற்கப்போகிறவன் மனம் விட்டுவிடக் கூடாது என்றும் இருக்கலாம். ஒஹாயோ ஸ்டேட்டில் 2015-இல் கோச் அர்பன் மேயர், குவாட்டர்பேக் யார் என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. வர்ஜீனியா டெக் மைதானத்தில் முதல் ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைக் கொடுத்து ஒரு முயற்சியைத் தொடங்குவது) கார்டேல் ஜோன்ஸ் வந்து நின்றபோதுதான் ஊருக்கே தெரிந்தது. அந்தப் பருவத்தின் நடுவிலேயே இடம் ஜே.டி. பாரெட்டுக்குப் போனது தனிக் கதை.

டெப்த் சார்ட்டில் (எந்த இடத்துக்கு யார் முதல், யார் அடுத்து என்ற பட்டியலில்) இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘அல்லது’ என்று போட்டிருந்தாலும் இதே கதைதான். பேச்சைவிட, முதல் வரிசையோடு யாருக்கு எத்தனை முறை ஆடக் கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் கோச் நேரத்தை வீணாக்க மாட்டார். யாரைத் தயார்செய்ய நினைக்கிறாரோ அவருக்குத்தான் முதல் வரிசை ஸ்னாப்புகள் போகும். யாரும் கேட்காமலே கோச் ஒரு பெயரைச் சொன்னால் அதையும் குறித்துவைக்கலாம். நிருபர் கேட்ட கேள்விக்குச் சொல்லும் பாராட்டுக்கு அந்த எடை கிடையாது.

வராதவரைப் பற்றிக் கதை கட்டுவது

நிருபர்களுக்குப் பெரும்பாலான அணிகள் பயிற்சியின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும்தான் அனுமதி தருகின்றன. உடம்பை நீட்டி மடக்குவதும் தனித்தனிக் குழுப் பயிற்சியும்தான் அவர்கள் கண்ணில் படும். அந்த நேரத்தில் ஒருவர் மைதானத்தில் இல்லை என்றால் உடனே ‘முட்டியில் காயமாம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வகுப்பு இருந்திருக்கலாம், வீட்டில் ஒரு காரியம் இருந்திருக்கலாம், கோச் ஓய்வு கொடுத்திருக்கலாம். கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளான பிக் டென் 2023 முதலும் எஸ்இசி 2024 முதலும் ஆட்டங்களை ஒட்டி யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்று அறிக்கை தரச் சொல்கின்றன. கேம்புக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஒரு மாணவனின் உடல்நிலை அவனுடைய சொந்த விஷயம். அணி சொல்லும்வரை காத்திருப்பது நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

குவாட்டர்பேக்கை மட்டும் பார்ப்பது

பேச்சில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தைப் பற்றித்தான். ஆனால் அணியின் பருவத்தையே மாற்றக்கூடிய போட்டி பெரும்பாலும் ஆஃபன்சிவ் லைனில் நடக்கும். அங்கே கேள்வி ‘வலப்பக்க கார்டு யார்’ என்பதைவிடப் பெரியது: சேர்ந்து ஆடப்போகும் ஐந்து பேர் யார்? அந்த ஐவரும் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். யார் யாரைப் பிடிப்பது, எதிரி லைன்பேக்கர் பாய்ந்து வந்தால் யார் திரும்புவது என்பதெல்லாம் பேசிப் பேசிப் பழகித்தான் வரும். கேம்பின் ஆரம்பத்தில் டிஃபன்ஸ் முந்திக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் வாரத்தில் ஆட்களை இடம் மாற்றி மாற்றி நிறுத்துவது இயல்பு. மூன்றாம் வாரத்திலும் சென்டர் யார் என்றே தெரியவில்லை என்றால்தான் கவலைப்படலாம்.

பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீமையும் ஒரு கண் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பையன் கிக்காஃப் விரட்டும் குழுவில் இருக்கிறான் என்றால் கோச்சுகள் அவனை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

அறிவிப்போடு போட்டி முடிந்துவிட்டது என்று நினைப்பது

கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பல நல்ல அணிகளின் கதை ஆகஸ்ட் டெப்த் சார்ட்டோடு பொருந்தவே இல்லை. 2014 ஆகஸ்டில் ஒஹாயோ ஸ்டேட்டின் குவாட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் பயிற்சியில் தோள்பட்டையில் மறுபடி அடிபட்டு அந்தப் பருவத்தையே இழந்தார். அவருக்குப் பதிலாக வந்த பாரெட் பருவம் முழுக்க நன்றாக ஆடி, மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் உடைந்து வெளியேறினார். ஆகஸ்டில் மூன்றாம் இடத்தில் இருந்த கார்டேல் ஜோன்ஸ் விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரிகானை 42-20 என்று வரிசையாக வென்று சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார்.

2018-இல் கிளெம்சன் அணி குவாட்டர்பேக் கெல்லி பிரையன்டோடு பருவத்தைத் தொடங்கியது. முதல் நாலு ஆட்டமும் ஜெயித்தார்கள். ஆனாலும் இடம் முதல் வருஷ மாணவர் டிரெவர் லாரன்சுக்குப் போனது. அந்த வருஷம்தான் நாலு ஆட்டம் வரை ஆடினாலும் ஒரு வருஷத் தகுதியை இழக்க வேண்டாம் என்ற விதி வந்திருந்தது. பிரையன்ட் அதைப் பயன்படுத்தி விலகி மிசௌரிக்குப் போனார். அடுத்த ஆட்டத்திலேயே லாரன்சுக்கு அடிபட, சேஸ் பிரைஸ் உள்ளே வந்து சிரக்யூஸை 27-23 என்று வென்று ஆட்டத்தை மீட்டார். 15-0 என்று முடிந்த பருவம் அது. மூன்றாவது பெயருக்கும் ஒரு சனிக்கிழமை வரும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

ஜார்ஜியாவின் 2021 கேம்பில் ஸ்டார்ட்டர் ஜே.டி. டேனியல்ஸ். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்கு வந்த ஸ்டெட்சன் பென்னட் அவருக்குக் காயம் பட்டதும் இறங்கி, அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கினார். அலபாமாவில் 2023-இல் ஜேலன் மில்ரோ டெக்சஸிடம் தோற்றதும் ஒரு ஆட்டம் உட்காரவைக்கப்பட்டார். திரும்பி வந்து எஸ்இசி பட்டத்தையே எடுத்துக்கொடுத்தார்.

போட்டியில் பின்தங்குபவரை ‘தேறமாட்டான்’ என்று ஒதுக்குவதும் இதே தவறின் இன்னொரு பக்கம். ஜோ பர்ரோ 2018 வசந்தகாலப் பயிற்சிக்குப் பிறகு, டுவேன் ஹாஸ்கின்ஸுக்கு இடம் போகும் என்று தெரிந்து ஒஹாயோ ஸ்டேட்டை விட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்எஸ்யூ) போனார். 2019-இல் 60 டச்டவுன் வீசி சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் சாம்பியன் பட்டமும் வாங்கினார். ஒஹாயோ ஸ்டேட் செய்தது தப்பான தேர்வும் இல்லை. ஹாஸ்கின்ஸ் அந்த 2018-இல் 50 டச்டவுன் வீசினார். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் தகுதியாக இருக்கலாம்.

முதல் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது

முதல் எதிரி பலவீனமான அணி என்றால் அந்த ஆட்டமும் கேம்பின் ஒரு பகுதிதான். 2022-இல் மிச்சிகனின் அப்போதைய கோச் ஜிம் ஹார்பா இதை மறைக்காமலே செய்தார். முந்தைய வருஷம் பிக் டென் பட்டம் வாங்கித் தந்த கேட் மெக்னமாராவை கொலராடோ ஸ்டேட்டுக்கு எதிராகவும், ஜே.ஜே. மெக்கார்த்தியை ஹவாய்க்கு எதிராகவும் தொடங்கவைத்தார். மெக்கார்த்தி 12 பந்தில் 11-ஐச் சரியாகப் போட்டு 229 கஜம், மூன்று டச்டவுன் எடுத்ததும் இடம் அவருடையதாகிவிட்டது. அதனால் முதல் ஆட்டத்தில் யார் தொடங்கினார் என்பதோடு நிற்காமல், ஸ்கோர் இன்னும் நெருக்கமாக இருக்கும்போது அணிக்கு மூன்றாவது, நாலாவது முறை தாக்குதல் வாய்ப்பு கிடைக்கும்போது யார் உள்ளே வருகிறார், லைனில் எந்த ஐந்து பேர் மாறாமல் நிற்கிறார்கள், மூன்றாவது டவுனில் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவதில்) எந்த கார்னரை வெளியே எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஆகஸ்டில் படித்த செய்திகளில் எது சரி, எது தப்பு என்பதற்கு முதல் பதில் அங்கேதான் கிடைக்கும்.